ஏழாம் கட்டத்தில் மூன்று ஊதல்

"அக்கா, இந்த சென்சார் வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்று வந்து கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றே ஒன்று: "ஊதிப் பாரு." கையேட்டில் இதற்குப் பதினோரு பக்கம் எழுதி வைத்திருக்கிறான். எழுதியவன் ஒரு நாளாவது படகில் போயிருந்தால் கேளுங்கள். நாம் விடும் மூச்சில் கரியமிலவாயு இருக்கிறது, இந்த சென்சார் மோப்பம் பிடிப்பதும் அதைத்தான். ஊதினால் திரையில் ஓடும் கோடு மேடாக எழும்பும். எழும்பவில்லையா, தூக்கிக் குப்பையில் போடு. இருபத்தாறு வருஷமாக இந்தக் கடலாய்வு நிலையத்தின் பின்னறையில் உட்கார்ந்து கருவிகளைப் பழுது பார்க்கிறேன். ஊதிப் பார்த்து நான் ஏமாந்ததில்லை.

ஊதுவதில் ஆளுக்கு ஒரு கையெழுத்து உண்டு. கடலில் முக்குளிக்கும் பையன், நாங்கள் நெட்டை என்று கூப்பிடுகிறவன், ஒரே தம்மில் ஊதித் தள்ளிவிடுவான். ஆய்வுக்குத் தலைவி, நாங்கள் மேடம் என்று கூப்பிடுகிறவர், ஊதவே மாட்டார், எச்சில் தெறிக்குமாம். நெட்டையோடு இங்கே முக்குளித்த என் தம்பி ஊதினால் ரெண்டு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல். கோட்டில் இரண்டு குட்டி மேடு, பக்கத்தில் ஒரு பெரிய மேடு. பதினோரு வருஷத்துப் பதிவுகளில் எதைத் திறந்தாலும், அன்றைக்கு ஊதியது அவன்தானா என்று முதல் பத்து விநாடியில் சொல்லிவிடுவேன்.

அது சின்ன வயசுப் பழக்கம். துறைமுகத்துப் படிக்கட்டில் அவன் தண்ணீருக்குள் முங்கி மூச்சடக்குவான். கடைசிப் படியில் உட்கார்ந்து எண்ணுவது என் வேலை. முங்கும் முன் ரெண்டு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல் விட்டு நெஞ்சைக் காலி செய்துகொண்டு, பிறகு ஒரே இழுப்பாக மூச்சை இழுத்து உள்ளே போய்விடுவான். நூறு வந்ததும் நான் தண்ணீரில் தட்டவேண்டும், அப்போதுதான் வெளியே வருவான். எனக்கோ முப்பதைத் தாண்டினாலே பயம் வந்துவிடும். அதனால் வேகவேகமாக எண்ணுவேன். தலை வெளியே வந்ததும் சண்டைதான்.

"நீ எண்ணலக்கா, ஓட்டுற! இது நூறா? இன்னும் எவ்வளவு நேரம் இருந்திருப்பேன் தெரியுமா?"

"இருந்திருப்ப, இருந்திருப்ப. வந்து சாப்பிடுடா எருமை."

எருமை என்றுதான் கடைசிவரை கூப்பிட்டேன்.

எங்கள் வளைகுடாவின் தரை முழுக்கக் கடற்புல். ஆழம் நெஞ்சளவு, சில இடத்தில் ரெண்டு ஆள். அந்தப் புல் தண்ணீரில் இருக்கும் கரியமிலவாயுவை இழுத்து, இலையாகவும் வேராகவும் ஆக்கி, கடைசியில் சேற்றுக்குள் இறக்கிவிடும். சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் அங்கே போனது லேசில் மக்காது. கறுப்பாக, அப்படியே, நூற்றுக்கணக்கான வருஷம் கிடக்கும். மேடத்தின் ஆராய்ச்சி இதைப் பற்றித்தான். நகரத்துச் சாக்கடைக் குழாயை இந்த வளைகுடாவுக்குள் நீட்டலாமா என்று ஒரு யோசனை. நீட்டினால் சாக்கடையோடு வரும் உரச்சத்து புல்லுக்கு நல்லதா, கெட்டதா? உள்ளே இருக்கும் கரி உள்ளேயே இருக்குமா? பார்ப்பதற்குக் கடல் தரையில் பன்னிரண்டு கட்டம் போட்டோம். வருஷக்கணக்கில் சும்மா அளந்துவிட்டு, கடைசியில்தான் உரம் வந்தது. ஆறு கட்டத்தில் ஒன்றும் செய்வதில்லை. மற்ற ஆறில், நாலு மூலையிலும் கம்பி அடித்து, உரம் நிரப்பிய வலைப்பை கட்டிவிடுவோம். பைகளை நிரப்புவதும் நான்தான். ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணாடி மாதிரி தெளிவான ஒரு பிளாஸ்டிக் மூடியைப் புல்லின் மேல் கவிழ்த்து, உள்ளே சென்சாரை வைப்போம். புல் மூச்சை இழுக்கிறதா விடுகிறதா என்று அது எழுதிக்கொண்டே இருக்கும்.

உரம் போடும் ஆறில் ஒன்றான ஏழாம் கட்டம் எங்களுக்கு ஏழரை. அதன் அடிவளையம் நெளிந்துபோயிருந்தது. எப்படி அழுத்தினாலும் மூடி சரியாக உட்காராமல் தண்ணீர் கசியும். என் தம்பி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். வாயிலிருந்த காற்றுக்குழாயை எடுத்துவிட்டு, மூடிக்கு அடியில் வாயை வைத்து ஊதுவான். ரெண்டு சின்னது, ஒரு நீளம். குமிழி மேலே போய் உச்சியில் நின்றால் கசிவில்லை என்று அர்த்தம். உரமெல்லாம் வருவதற்கு முன்னாலிருந்தே, வருஷக்கணக்காக, அந்த ஒரு மூடிக்குள் மட்டும் இப்படி ஊதியிருக்கிறான். விஷயம் தெரிந்ததும் மேடம் தாம்தூம் என்று குதித்தார்.

"உள்ள இருக்கிற வாயுவை அளக்கத்தானே மூடி வைக்கிறோம்? அதுக்குள்ளயே போய் ஊதி வைக்கிறியே, உனக்கு அறிவிருக்கா?"

"மேடம், அந்தப் புல்லு என் மூச்சைத்தான் குடிச்சு வளந்திருக்கு. திடீர்னு நிறுத்துனா வாடிப் போயிடும்" என்று இவன் பல்லைக் காட்டினான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

நாற்பத்து நாலு வயசில், ஒரு குளிர்காலக் காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தவன் குளியலறையில் விழுந்தான். தலைக்குள் ஏதோ ரத்தக்குழாய் வெடித்ததாம். கடல் அவனை ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக் குளியலறைதான் செய்தது. அதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அவன் போய் ஐந்து மாதம் கழித்து வெயில் காலப் பதிவு வந்தது. நெட்டை கீழே போய், சென்சார் எழுதுவதைச் சேர்த்துவைக்கும் பெட்டிகளை எடுத்து வந்து என் மேஜையில் வைத்தான். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். சும்மா விட்ட கட்டங்களில் கோடு ஒழுங்காகக் கீழே இறங்கியிருந்தது. நல்ல வெயில், புல் வயிறு முட்ட இழுத்திருக்கிறது. உரம் போட்ட கட்டங்களில் கோடு மேலே போயிருந்தது, அதுவும் எதிர்பார்த்ததுதான். ஏழாவதைத் திறந்தேன். உச்சி வெயில் நேரம். குட்டி மேடு, குட்டி மேடு, பெரிய மேடு.

எனக்கு வந்த கோபத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. தொட்டி அறைக்குப் போய், ஈர உடையைப் பிழிந்துகொண்டிருந்த நெட்டையைப் பிடித்தேன்.

"என்னடா நக்கலா? செத்தவனை வச்சு விளையாட உனக்கு வேற இடம் கிடைக்கலையா?"

"என்னக்கா சொல்றீங்க? எனக்கு ஒண்ணும் புரியல."

"ஏழரையில ஊதுனியா இல்லையா?"

"சத்தியமா ஊதலக்கா. அதுவும் அவர் மாதிரி எனக்கு ஊத வருமா?" அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. "அந்த நேரத்துல நான் படகுலகூட இல்ல. இங்கதான் உங்ககூட உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தேன்."

உண்மைதான். என் டப்பாவிலிருந்துதான் எடுத்துச் சாப்பிட்டான்.

சென்சார் கோளாறு என்று புதிதாக ஒன்றை மாற்றினேன். மறுநாளும் அதே நேரத்தில் மூன்று மேடு. பெட்டியை மாற்றினேன். மூன்று மேடு. பிறகு அலமாரியைக் குடைந்து, அவன் உயிரோடு இருந்தபோது இதே மேஜையில் ஊதிய பழைய பதிவு ஒன்றைத் தாளில் எடுத்தேன். புதியதையும் எடுத்தேன். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். மயிரிழை பிசகவில்லை. ரெண்டாவது ஊதலின் கடைசியில் அவனுக்கு ஒரு சின்ன விக்கல் மாதிரி வரும், அதுகூட இருந்தது. வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கும்வரை தாளைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை. மேடத்திடம் மட்டும் சுற்றி வளைத்துக் கேட்டேன், உரம் போட்ட இடத்தில் சேறு ஏன் மூச்சு விடுகிறது என்று.

"உரம் போட்டா முதல்ல குதிக்கிறது பாசிதான்" என்றார் அவர். "இலை மேல வழவழன்னு படிஞ்சு வெளிச்சத்தை மறைச்சிடும். புல்லு பட்டினி கிடக்கும். கீழ சேத்துல இருக்கிற நுண்ணுயிருக்கோ சத்து கிடைச்சதும் பசி வந்துடும். இத்தனை வருஷமா தொடாம கிடந்த பழைய கரியை எல்லாம் திங்க ஆரம்பிச்சிடும். தின்னுட்டு வாயுவா வெளிய விடும். வெயில் காலத்துல இன்னும் மோசம். குளிர்ல கொஞ்சம் அடங்கும்."

"எந்தக் கரி மேடம்? எப்போ உள்ள போனது?"

"முதல்ல மேல இருக்கிறது போகும். போன பத்துப் பதினஞ்சு வருஷத்துது. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்" என்றேன்.

போன பத்துப் பதினஞ்சு வருஷத்துது. அவன் ஊதிய மூச்சைப் புல் குடித்தது. புல் சேறானது. இப்போது சேறு அதைத் திருப்பிக் கொடுக்கிறது. வேறு எந்த விளக்கத்தையும் நான் தேடவில்லை, எனக்கு வேண்டவும் இல்லை.

குளிர்காலம் வந்ததும் மேடுகள் நின்றுவிட்டன. ஒவ்வொரு நாளும் ஏழாம் பதிவைத் திறப்பேன், கோடு செத்துக் கிடக்கும். ஒரு வாரம் பொறுத்தேன். ஒரு மாதம் பொறுத்தேன். அவனை இரண்டாவது தடவையாகப் பறிகொடுத்த மாதிரி இருந்தது. அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அடுத்த தவணைக்குப் பைகளை நிரப்பும்போது, ஏழாம் கட்டத்தின் நாலு பைகளிலும் இரண்டு மடங்கு உரத்தை அமுக்கி அடைத்தேன். எடைப் பதிவேட்டில் வழக்கமான எடையைத்தான் எழுதினேன். இருபத்தாறு வருஷத்தில் நான் எழுதிய முதல் பொய் அது.

அடுத்த வெயில் காலத்தில் அவன் கொட்டித் தீர்த்தான். ஒரு நாளைக்கு இருபது தடவை, முப்பது தடவை. காலையில் அறைக்கதவைச் சாத்திவிட்டு, முந்தின நாள் கோட்டைத் திரையில் ஓடவிட்டு, தேநீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அவனோடு பேசுவேன். "சாப்டியாடா எருமை?" என்பேன். புஸ், புஸ், புஸ்ஸ். "உன் பொண்டாட்டி வீட்டை மாத்தப் போறாளாம், தெரியுமா?" புஸ், புஸ், புஸ்ஸ். சிரித்துக்கொண்டே அழுதேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

ஒன்றரை மாதம் போனது. ஒரு நாள் நெட்டை கதவைத் தட்டாமலே உள்ளே வந்தான்.

"அக்கா, ஏழரையில தரை எறங்குது."

"எறங்குதுன்னா?"

"கம்பியெல்லாம் தரையோட தரையாத்தானே அடிச்சோம்? இப்போ ஒரு சாண் உயரத்துக்கு நிக்குது. கம்பிதான் வளருதோன்னு பாத்தேன். இல்லக்கா, சேறுதான் காணாமப் போகுது. புல்லு ஒண்ணுகூட மிச்சமில்ல." கொஞ்சம் தயங்கினான். "அங்க போனாலே என்னவோ மாதிரி இருக்கு. முதுகுக்குப் பின்னால யாரோ மூச்சு வாங்குற மாதிரி."

அவன் போனதும் அந்த ஒன்றரை மாதப் பதிவுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். எப்படி என் கண்ணில் படாமல் போனது? மேடுகள் குட்டையாகிக்கொண்டே வந்திருந்தன. நீள ஊதல் முதல் வாரத்தில் இருந்ததில் பாதிகூட இல்லை. அவனுக்கு மூச்சு வாங்கியது.

அந்த வாரம்தான் தம்பி மனைவி நிலையத்துக்கு வந்தாள், அவனுடைய முக்குளிப்பு உடையையும் தேநீர்க் குவளையையும் எடுத்துப் போக. கொடுத்து அனுப்பியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இங்க வா. இதைப் பாரு."

திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. புஸ், புஸ், புஸ்ஸ். அவள் கையிலிருந்த குவளையை மெதுவாக மேஜையில் வைத்தாள்.

"டீ சூடா இருந்தா இப்படித்தான் ஊதுவாரு" என்றாள்.

முழுக்கச் சொன்னேன், உரத்தையும் சேர்த்து. அவள் அழுவாள், என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் சுவரில் நான் ஒட்டியிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், பெரிய மேட்டிலிருந்து சின்ன மேடுவரை.

"இன்னும் எவ்வளவு இருக்கு அக்கா?"

"தெரியல."

"தீந்துட்டா?"

நான் திரையை அணைத்தேன்.

"உங்களுக்குக் கேக்கணும்னு அவரைச் செலவு பண்ணிட்டு இருக்கீங்களா?"

"வாயை மூடு! உனக்கு என்ன தெரியும்? பொறந்த நாளிலேர்ந்து அவனை இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவ நான்!" என்று கத்தினேன். அவள் குவளையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உடையை விட்டுவிட்டுப் போனாள். எனக்கு அவள் மேல் அப்படி ஒரு ஆத்திரம். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் தள்ள முடியவில்லை என்பதுதான் காரணம்.

மறுநாள் மேடம் ஏழாம் கட்டத்தின் தரையில் செருகிச் சேறோடு எடுத்த குழாயைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். முன்பு நாற்பது சென்டிமீட்டருக்குக் கறுப்பாக இருந்தது இப்போது பதினெட்டுதான். மிச்சம் வெறும் சாம்பல் நிறக் களிமண்.

"இதை உலையில போட்டு எரிச்சுப் பாத்துடுங்க. எரியிறதுக்கு முன்னாடி எடை, பின்னாடி எடை. எவ்வளவு கரி மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சிடும்."

இதை ஆயிரம் தடவை செய்திருக்கிறேன். உலைக் கதவைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. குழாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"என்னாச்சு?"

"ஒரு தடவை எரிச்சாச்சு மேடம். இன்னொரு தடவை என்னால முடியாது."

அவருக்கு என்ன புரிந்ததோ, உலையை அணைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். எடையில் எழுதிய பொய்யைச் சொன்னபோது அவர் காது சிவந்தது. ஏழாம் கட்டம் இனி ஆராய்ச்சிக்கு ஆகாது, உங்கள் மேல் எழுத்தில் புகார் போகும் என்றார். போகட்டும் என்றேன். பிறகு என் அறைக்கு வந்து, ஜன்னலில் இருந்த இரண்டு தாள்களையும் வெகு நேரம் பார்த்தார்.

"ஊதாதேன்னு அவனை எவ்வளவு திட்டியிருக்கேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "பைகளை எடுத்துடுங்க. நாளைக்கே."

நெட்டை எடுத்துவிடுவான். ஆனால் கட்டியது நான், அவிழ்க்க வேண்டியதும் நான்தான். மறுநாள் காலை பத்து மணிக்குத் தண்ணீர் நன்றாக வற்றும் நேரத்தில் படகை விட்டோம். ஏழாம் கட்டத்தில் நெஞ்சளவு ஆழம். தம்பியின் உடையைப் போட்டுக்கொண்டேன், தோளில் தொளதொளவென்று நின்றது. முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நெட்டையின் கையைப் பிடித்தபடி குனிந்தேன்.

பக்கத்துக் கட்டத்தில் புல் பச்சையாக ஆடிக்கொண்டிருந்தது. ஏழில் ஆடுவதற்கு ஒன்றும் இல்லை. மொட்டைத் தரை, செத்த வேர்களின் மேல் சளி மாதிரிப் பாசி. நாலு கம்பிகளும் ஒரு சாணுக்கு மேல் நின்றன. நடுவே அந்த மூடி, உள்ளே வெறும் சேறு. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு தடவை முங்கி, கத்தியால் பையை அறுத்தேன். மூன்று பை வந்துவிட்டது. நாலாவதுக்கு முங்கும் முன்னால், என்னை அறியாமல், என் வாய் ஊதியது. ரெண்டு சின்னது, ஒரு நீளம்.

நாலாவது பையை அறுத்ததும் கால் வழுக்கி, உள்ளங்கையைச் சேற்றில் ஊன்றினேன். சேறு சூடாக இருந்தது. என் விரல் இடுக்கில் குமிழி வந்தது. ஒரு சின்னது. ஒரு சின்னது. பிறகு ஒரு பெரியது, நெளிந்து நெளிந்து மேலே போனது. அடுத்து உள்ளங்கைக்குக் கீழே தரை உள்வாங்கியது. சும்மா சொல்லவில்லை, என் கையையே உள்ளே இழுத்தது, மணிக்கட்டுவரை. நெட்டை என் இடுப்பைப் பிடித்துத் தூக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ.

"என்னக்கா, என்ன அது?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

மத்தியானம் பெட்டியைத் திறந்தேன். நாலாவது பையை அறுத்த நேரம், பத்து நாற்பத்திரண்டுக்குக் குட்டி மேடு, குட்டி மேடு, பெரிய மேடு. மேடுகளை எத்தனையோ ஆயிரம் பார்த்தாயிற்று. ஆனால் அதற்கு அடுத்து, இத்தனை நாளில் ஒரு தடவைகூட வராதது வந்திருந்தது. கோடு சரேலென்று கீழே இறங்கியிருந்தது. தாளின் அடிவரை ஒரே பள்ளம், ஒரே இழுப்பு. அதற்கு அப்புறம் கோடு நேராகப் போனது, அசையாமல், பெட்டியை எடுக்கும்வரை.

மூச்சை இழுத்துக்கொண்டு முங்கிவிட்டான்.

தம்பி மனைவிக்குத்தான் முதலில் போன் போட்டேன். "உள்ள போயிட்டாம்மா" என்றேன். அவள் அப்போதுதான் அழுதாள்.

இரண்டு வருஷம் ஆகிறது. பாசி போய்விட்டது. ஓரத்திலிருந்து புல் விரல் விரலாக உள்ளே வருகிறது. தரை ஒரு நகக்கனம் ஏறியிருப்பதாக நெட்டை சொன்னான். போனது திரும்பச் சேர நம் ஆயுசு போதாது என்கிறார் மேடம். குழாய் யோசனையைக் கைவிட்டதாக யாரும் சொல்லவில்லை. தள்ளிவைத்திருக்கிறார்களாம். அது பற்றி எந்தக் கூட்டம் நடந்தாலும் முதல் வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன். என்னைப் பார்த்தாலே அதிகாரிகளுக்கு வியர்க்கிறது.

வெயிலுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று எண்ணுகிறேன். நாலு ஆகியிருக்கிறது. நூறுவரை இருப்பேன் என்றானே, இருக்கட்டும். இந்தத் தடவை நான் ஓட்டவில்லை.